கிருமிக்கும் ஒரு முகவரி உண்டு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தெருவில் தேங்கிய நீர் வடியத் தொடங்கும் நாட்களில் மயிலாப்பூரில் காய்ச்சல் வருவது புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நான் வசிக்கும் தெருவில் ஒரே வாரத்தில் நான்கு வீடுகளில் காய்ச்சல் கண்டது. நால்வருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. நால்வருக்கும் டெங்கு என்று முடிவு வந்தது. பணியாளர்கள் வந்து புகை அடித்தார்கள். மொட்டைமாடியில் கிடந்த பழைய பூந்தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் அண்டை வீட்டார் என்னிடம் வந்து இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: "சார், இது எங்கிருந்து வந்தது? நாலு பேருக்கும் வந்தது ஒன்றுதானா, வேறுவேறா?"

எளிய கேள்விகள்தாம். ஆனால், நோய்ப்பரவலை ஆராயும் அறிவியல் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளின் மேல்தான் நிற்கிறது. நால்வருக்கும் ஒரே மூலத்திலிருந்து வந்திருந்தால், தெருவுக்குள் எங்கோ கொசு உற்பத்தியாகும் இடம் இருக்கிறது. அதைத் தேடிப்பிடிக்க வேண்டும். வேறுவேறு மூலங்கள் என்றால், அவரவர் சென்றுவந்த இடங்களில் நோய் ஏற்கெனவே பரவியிருக்கிறது. எங்கள் தெருவை மட்டும் புகையால் நிரப்பிப் பயனில்லை. அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. பதில் அந்த நால்வரின் ரத்தத்தில் இருந்தது. பரிசோதனையோ 'டெங்கு உண்டு' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் அது எந்த வகை என்றுகூட அறிக்கையில் இல்லை.

அந்தப் பதிலைத் தரக்கூடிய தொழில்நுட்பம் இன்று மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடையில், தேனாம்பேட்டையிலேயே இருக்கிறது. அதோடு சேர்ந்து வளர வேண்டியது, அங்கு அறியப்படுவதை உரிய காலத்தில் ஊருக்குச் சொல்லும் வழக்கம். நோய்க்கிருமி பற்றிய தரவுகள் பொதுவில் இருக்கும்போது என்ன நடக்கிறது, இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதைச் சில உண்மை நிகழ்வுகளைக்கொண்டு விளக்க முயல்கிறேன்.

பாடபேதம் காட்டும் உறவு

பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சாமிநாதையர் நூலகத்தில் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. ஒரே நூலுக்குப் பல ஊர்களிலிருந்து கிடைத்த ஏடுகளை உ.வே.சா. ஒப்பிட்டுப் பதிப்பித்தார் என்பதை அறிவோம். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும்போது பிழை நேர்வது இயல்பு. ஒருவர் செய்த பிழை, அவர் ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த அடுத்தவரின் ஏட்டிலும் தொடரும். எனவே, இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று ஊகிக்கலாம். எந்த ஏடு எந்த ஊரில், யாரிடமிருந்து கிடைத்தது என்ற குறிப்பும் இருந்தால், அந்த நூல் எந்த வழியாகப் பரவியது என்பதையே வரைந்துவிடலாம்.

நோய்க்கிருமியின் மரபணு வரிசையும் இப்படிப்பட்ட ஓர் ஏடுதான். கரோனா வைரஸின் ஏட்டில் ஏறத்தாழ 29,900 எழுத்துகள். காலராக் கிருமியின் ஏட்டில் ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகள். கிருமி பெருகும் ஒவ்வொரு முறையும் இந்த ஏடு படியெடுக்கப்படுகிறது. அவ்வப்போது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. கரோனா வைரஸில் தோராயமாக மாதத்துக்கு இரண்டு எழுத்து மாற்றங்கள் நிலைபெற்றன. ஆகவே, ஒரே வாரத்தில் எடுக்கப்பட்ட இரண்டு மாதிரிகளுக்கிடையே ஒரு மாற்றமும் இல்லை அல்லது ஒன்றே ஒன்றுதான் என்றால், அவை அண்மையில் ஒரே சங்கிலியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். இருபது மாற்றங்கள் இருந்தால், ஒரே அறையில் இருவர் இருமினாலும் அவர்களுடைய நோய்கள் வேறுவேறு வழியில் வந்தவை.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பிடுவதற்கு மற்ற ஏடுகள் கைக்கு எட்ட வேண்டும். தனித்திருக்கும் மரபணு வரிசை ஊமை. ஆயிரம் வரிசைகளுக்கு நடுவே வைக்கும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது. அதற்காக உருவானவையே பொதுத் தரவுத்தளங்கள். அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய ஜென்பேங்க், அதனுடன் தரவுகளைப் பகிர்ந்துகொள்ளும் ஐரோப்பிய, ஜப்பானியத் தளங்கள், 2008-இல் இன்ஃபுளுவென்சாவுக்காகத் தோன்றிப் பின்னர் கரோனாவுக்கும் விரிந்த 'கிஸெய்ட்' ஆகியவை முதன்மையானவை. இந்தியாவிலும் ஃபரிதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022-இல் திறக்கப்பட்டது. இவற்றிலுள்ள வரிசைகளைக்கொண்டு கிருமிகளின் குடிவழி மரத்தை யாரும் பார்க்கும்படி வரைந்து காட்டும் 'நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன்' போன்ற திட்டங்களும் உள்ளன.

சென்னையில் தோன்றிய காலரா

இந்தத் துறையின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. அது நாம் விரும்பிப் பெற்ற இடமன்று. 1992-இன் இறுதி மாதங்களில் அன்றைய மெட்ராஸில் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் விசித்திரமான ஒரு காலராக் கிருமி காணப்பட்டது. கொள்ளைநோயாகப் பரவும் காலராவை உண்டாக்குவது 'ஓ1' என்ற வகை மட்டுமே என்பதுதான் அதுவரை பாடம். வகுப்பில் நானும் அப்படித்தான் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஓ1 கிருமியை அடையாளம் காணப் பயன்படும் எதிர்ச்சீரத்தைச் சேர்த்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள வேண்டும். இந்தக் கிருமி திரளவில்லை. நோயோ அசல் காலராவாகவே இருந்தது. முன்பு காலரா கண்டு மீண்டவர்களுக்கு இருக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் இதனிடம் பலிக்கவில்லை என்பதால், வளர்ந்தவர்களும் பெருமளவில் பாதிக்கப்பட்டார்கள்.

வேலூர், மதுரை, கல்கத்தா, வங்கதேசம் என்று வங்கக் கடலோரம் அது விரைந்து பரவியது. கல்கத்தாவில் உள்ள தேசியக் காலரா ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இந்தப் புதிய வகை பற்றி 1993-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஜப்பானிய வல்லுநர்கள் அதற்கு 'ஓ139' என்று எண் கொடுத்தார்கள். வங்கக் கடலோரத்தில் முதலில் கண்டறியப்பட்டதால் 'பெங்கால்' என்ற பெயரும் சேர்ந்தது. எட்டாவது உலகளாவிய காலராப் பரவல் தொடங்கிவிட்டதோ என்று உலகம் அஞ்சியது. நல்வாய்ப்பாக, ஓ1 வகையே மீண்டும் மேலோங்கியது.

அது வானத்திலிருந்து குதித்த கிருமி அன்று. ஏற்கெனவே நம்மிடையே இருந்த 'எல் டோர்' என்ற ஓ1 காலராக் கிருமியே தன் மேலுறையை உருவாக்கும் மரபணுப் பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு புது வேடத்தில் வந்தது என்பது பின்னர் நடந்த மரபணு ஆய்வுகளில் உறுதியானது. காலராக் கிருமியின் முழு மரபணு வரிசை 2000-இல்தான் முதன்முதலாக வெளியானது. 2011-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, பல நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளில் சேகரிக்கப்பட்ட 154 காலராக் கிருமிகளின் வரிசைகளை ஒப்பிட்டது. ஏழாவது உலகப் பரவல் குறைந்தது மூன்று அலைகளாக வங்கக் கடல் பகுதியிலிருந்து கிளம்பியது என்று அது காட்டியது. 1992-இல் இருட்டில் துழாவிய நமக்கு, அந்த இருட்டின் வரைபடம் 19 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

ஹைட்டியின் ஆறு

அந்த வரைபடம் வேறொரு நாட்டில் நீதிக்குப் பயன்பட்டது. 2010 அக்டோபரில், ஒரு நூற்றாண்டாகக் காலரா பதிவாகாத கரீபியத் தீவு நாடான ஹைட்டியில் திடீரென்று காலரா வெடித்தது. நிலநடுக்கத்தால் நொறுங்கிய நாட்டில் பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். கடலில் இயல்பாக இருந்த கிருமிதான் பெருகிவிட்டது என்றனர் சிலர். ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையில் பணியாற்ற வந்த நேபாள வீரர்களின் முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்தது என்றனர் ஊர்மக்கள். பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியாரூ களத்துக்குச் சென்று, எந்த ஊரில் எந்த நாளில் முதல் நோயாளி என்று விசாரித்து, தடயம் அந்த முகாமுக்கு அருகே முடிவதைக் காட்டினார்.

பிறகு மரபணு வரிசைகள் வந்தன. ஹைட்டி நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமிகளின் வரிசைகள் சில மாதங்களிலேயே பொதுவில் வெளியிடப்பட்டன. நேபாளத்தில் 2010-இல் சேகரிக்கப்பட்ட 24 காலராக் கிருமிகளை நேபாள, டென்மார்க், அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றோடு ஒப்பிட்டு 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் சில, ஹைட்டிக் கிருமியிலிருந்து 40 லட்சம் எழுத்துகளில் ஓரிரு எழுத்துகளே வேறுபட்டன. ஐந்து ஆண்டுகள் மறுத்துவந்த ஐ.நா. 2016-இல் தன் பங்கை ஒப்புக்கொண்டது. அன்றைய பொதுச் செயலாளர் பான் கி-மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மரபணு வரிசை மட்டும் இந்த வழக்கை வெல்லவில்லை. களத்தில் கேட்டறிந்த நாளும் இடமும் ஒரு கண். பொதுவில் கிடைத்த வரிசைகள் மறு கண். இரண்டும் சேர்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

ஐந்தாண்டு தாமதத்தின் விலை

மறுபடியும் நம் ஊருக்கு வருவோம். 2012-இல் தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவியது. அரசுக் கணக்கின்படியே 12,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 66 பேர் இறந்தனர். அந்த ஆண்டு ஏன் அவ்வளவு கடுமை? மழை, தேங்கிய நீர், தண்ணீர்த் தட்டுப்பாட்டால் வீடுகளில் பிடித்துவைத்த குடங்கள் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. எல்லாவற்றிலும் உண்மை இருந்திருக்கலாம். ஆனால், வைரஸே மாறியிருந்தது என்பது அப்போது பொதுமக்களுக்குத் தெரியாது.

புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சொன்னது. அதுவரை இங்கு காணப்பட்ட டெங்கு முதல் வகை வைரஸ் 'அமெரிக்க-ஆப்பிரிக்க' கிளையைச் சேர்ந்தது. 2012-இல் தமிழ்நாட்டிலும் அடுத்த ஆண்டு கேரளத்திலும் கிடைத்தவற்றுள் 'ஆசிய' கிளை காணப்பட்டது. உலக நாடுகளின் வரிசைகளோடு ஒப்பிட்டபோது, அது சிங்கப்பூரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தனித்தனியே மாற்றம் அடைந்தது என்றும் தெரிந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாள்தோறும் விமானங்கள் பறக்கின்றன. கிருமிக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. பிற நாட்டார் தங்கள் டெங்கு வரிசைகளைப் பொதுத்தளத்தில் வைத்திருந்ததால்தான் நம் டெங்குவின் ஊரை நாம் அறிய முடிந்தது.

சிறந்த ஆய்வுதான். ஆனால், அது வெளிவந்தது ஐந்து ஆண்டுகள் கழித்து. ஆய்வாளர்களை நான் குறை கூறவில்லை; ஆய்விதழ்களின் காலக்கணக்கு அப்படி. வரலாற்று ஆசிரியருக்கு ஐந்தாண்டு ஒரு பொருட்டன்று. சுகாதார அலுவலருக்கோ ஐந்து வாரமே மிக அதிகம்.

விரைவு என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். 2020 ஜனவரி 11-இல் சீன அறிவியலாளர் ஜாங் யோங்ஜென் குழு கண்டறிந்த கரோனா வைரஸின் வரிசையை ஆஸ்திரேலியாவின் எட்வர்டு ஹோம்ஸ் இணையத்தில் பொதுவில் வெளியிட்டார். இரண்டே நாட்களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வகுத்த பரிசோதனை முறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. தடுப்பூசி வடிவமைப்பும் அதே வாரத்தில் தொடங்கியது. இரண்டாவது சான்று டென்மார்க்கிலிருந்து. 2015 நவம்பரில், கடைசி ஆயுதமாகக் கருதப்படும் 'கொலிஸ்டின்' என்ற எதிர்நுண்ணுயிர் மருந்தை முறியடிக்கும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். டென்மார்க் ஆய்வாளர்கள் புதிதாக ஒரு மாதிரியும் எடுக்கவில்லை. ஏற்கெனவே வரிசைப்படுத்திச் சேமித்திருந்த ஏறத்தாழ 3,000 கிருமிகளின் தரவுகளில் தேடினார்கள். ஒரு நோயாளியிடமும், 2012 முதல் இறக்குமதியான கோழி இறைச்சியிலும் அந்த மரபணு முன்பே வந்து அமர்ந்திருந்தது தெரிந்தது. தரவைச் சேர்த்து வைப்பவனுக்கு இறந்தகாலமும் ஒரு ஆய்வகம்.

தேனாம்பேட்டையில் ஓர் ஆய்வகம்

கரோனா காலம் நமக்கும் ஒரு வசதியைத் தந்துவிட்டுப் போனது. 2020 டிசம்பரில் மத்திய அரசு பத்து ஆய்வகங்களை இணைத்து 'இன்சாகாக்' என்ற மரபணுக் கண்காணிப்புக் கூட்டமைப்பை அமைத்தது. தொற்று உறுதியானவர்களின் மாதிரிகளில் 5 விழுக்காட்டை வரிசைப்படுத்துவது இலக்கு. இரண்டாம் அலை எழுந்தபோது அந்த இலக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் நூற்றுக்கணக்கான இந்திய அறிவியலாளர்கள் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். படுக்கையும் ஆக்சிஜனும் இன்றி மக்கள் மடிந்துகொண்டிருந்த நேரத்தில் அவர்கள் கேட்டது பரிசோதனைத் தரவுகளை ஆய்வுக்குத் திறந்துவிடுங்கள், மரபணு வரிசைப்படுத்தலை விரிவாக்குங்கள் என்பதே. நாட்டின் தலைசிறந்த அறிவியலாளர்கள் தங்கள் நாட்டுத் தரவுக்காகவே மனுப்போட வேண்டியிருந்தது என்பது மறக்கக் கூடாத பாடம்.

தமிழ்நாடு அந்தப் பாடத்தைப் பாதி கற்றது. தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில், மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்துக்குள், முழு மரபணு வரிசைப்படுத்தும் வசதி 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஒரு மாநில அரசே தன் பொறுப்பில் நடத்தும் முதல் ஆய்வகம் என்று அது பாராட்டப்பட்டது. அதுவரை மாதிரிகள் பெங்களூருக்குச் சென்று, முடிவுக்காக நாம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பயனை விரைவிலேயே கண்டோம். 2022 ஏப்ரலில் அடையாற்றையொட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கரோனா தொற்று கண்டறியப்பட்டது. புதிய உருமாற்றமோ, நான்காம் அலையோ என்று நகரம் கலங்கியது. வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஏற்கெனவே பரவியிருந்த ஒமிக்ரானின் பி.ஏ.2 கிளைதான் என்று தெரிந்தது. முகக்கவசம், பரிசோதனை, தனிமைப்படுத்தல் ஆகிய வழக்கமான நடவடிக்கைகளே போதுமானவையாக இருந்தன. இந்த இடத்தில் தரவு செய்தது அச்சத்தை அளவாக்கியது. பொதுச் சுகாதாரத்தில் அது சிறிய சேவை அன்று.

பெயரும் பழியும்

தரவைத் திறப்பதில் இடர் இல்லையா? உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

முதலாவது, களங்கம். 2020 ஏப்ரலில் கரோனாவால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் இதே சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. தொற்றுக்குள்ளானவர்களின் வீட்டு வாசல்கள் தகரம் அடித்து மூடப்பட்டன. கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்களைச் சொந்த ஊர்களே அச்சத்தோடு பார்த்தன. 'இந்தக் கிளை இந்தத் தெருவிலிருந்து வந்தது' என்று ஒரு வரைபடம் வெளியானால், அடுத்த நாள் அந்தத் தெருவின் வேலைக்காரப் பெண்மணிக்கு வேலை போய்விடும். நகரங்களுக்கும் இது நேர்கிறது. 2010-இல் சென்னையிலும் ஹரியாணாவிலும் பிரிட்டனிலும் கிடைத்த கிருமிகளில் கண்டறியப்பட்ட மருந்து எதிர்ப்பு மரபணுவுக்கு 'புது தில்லி' என்ற பெயரைச் சேர்த்து என்.டி.எம்.-1 என்று அழைத்ததில் நம் நாட்டில் கொந்தளிப்பு எழுந்தது. ஊர்ப்பெயர் சர்ச்சையில், கிருமி எழுப்பிய கேள்வி பின்னுக்குப் போனது. அந்தப் பெயருக்காக 'லான்செட்' ஆசிரியர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். நோய்களுக்கு ஊர்ப்பெயர் சூட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது.

இரண்டாவது, சுரண்டல். 2007-இல் இந்தோனேசியா தன் பறவைக்காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை வெளியே தர மறுத்தது. எங்கள் மாதிரியிலிருந்து தடுப்பூசி செய்து, எங்களால் வாங்க முடியாத விலைக்கு எங்களிடமே விற்கிறீர்கள் என்றது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா ஒமிக்ரானைக் கண்டறிந்து உடனே உலகுக்கு அறிவித்தது. பரிசாகக் கிடைத்தது பயணத்தடை. உண்மை சொன்னவன் தண்டிக்கப்பட்டால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்? 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற கொள்ளைநோய் உடன்பாட்டிலும், கிருமித் தரவைத் தருபவருக்குப் பயனில் என்ன பங்கு என்ற பகுதி தனி இணைப்பாகப் பேசி முடிக்கும்படி ஒத்திவைக்கப்பட்டது. அவ்வளவு சிக்கலான கேள்வி அது.

மூன்றாவது, தவறான வாசிப்பு. இரண்டு வரிசைகள் ஒத்திருந்தால் அவரிடமிருந்து இவருக்கு வந்தது என்று பொருளன்று. நாம் பரிசோதிக்காத மூன்றாமவர் இருவருக்கும் தந்திருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் அதிகம் பரிசோதித்தால், நோய் அங்குதான் அதிகம் என்ற மாயை தோன்றும்.

இந்த மூன்றும் தரவைக் கவனமாகத் திறப்பதற்கான காரணங்கள். பூட்டி வைப்பதற்கானவை அல்ல. கிருமியின் எழுத்துகளில் நோயாளியின் பெயர் இல்லை. வயது, வீட்டு எண், மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவற்றை நீக்கிவிட்டு, மாதிரி எடுத்த வாரத்தையும் மாநகராட்சி மண்டலத்தையும் மட்டும் இணைத்தால் போதும். சென்னை மாநகராட்சியில் பல மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் பல லட்சம் மக்கள். 'அடையாறு மண்டலம், நவம்பர் இரண்டாம் வாரம்' என்ற குறிப்பைக்கொண்டு எந்த வீட்டுக் கதவையும் யாரும் தட்ட முடியாது. ஆனால், அடையாற்றில் வந்ததும் தேனாம்பேட்டையில் வந்ததும் ஒன்றா என்பதை ஆராய முடியும்.

அந்தச் சிறு குறிப்பு இல்லாமையின் இழப்பை நானே உணர்ந்தேன். எங்கள் தெருக் காய்ச்சலுக்குப் பிறகு, பழைய மாணவர்கள் இருவரோடு உட்கார்ந்து பொதுத் தரவுத்தளங்களில் நம் பகுதியின் டெங்கு வரிசைகளைத் தேடினேன். கிடைத்த பல பதிவுகளில் இடம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்றும், காலம் என்ற கட்டத்தில் ஆண்டு மட்டும் இருந்தன. காஷ்மீரும் இந்தியா, கன்னியாகுமரியும் இந்தியா. எழுத்து முழுதும் இருந்தது. ஏடு எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லை. அன்று மாலை கணினியை மூடியபோது, உழைத்து வரிசைப்படுத்திய யாரோ ஒருவரின் உழைப்பு முகவரி எழுதாத கடிதமாக நின்றுவிட்டதே என்று வருந்தினேன்.

அரசும் அறிவிக்கட்டும்

நம் மாநிலத்துக்குப் பொதுச் சுகாதாரத்தில் நெடிய மரபு உண்டு. கிண்டியில் கிங் நிறுவனம் 1899-இல் தோன்றியது. 1939-இல் இயற்றப்பட்ட மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அத்தகைய முதல் சட்டம். தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று அது பணித்தது. திருவிழாக் கூட்டங்களுக்கான சுகாதார ஏற்பாடுகளையும் வகுத்தது. பங்குனியில் அறுபத்து மூவர் உலா காண மாடவீதிகளில் திரளும் லட்சக்கணக்கானோர் நோயின்றி வீடு திரும்புவதற்குப் பின்னால் அத்தகைய ஏற்பாடுகளின் உழைப்பு இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் உயிர்ச்சொல் 'அறிவித்தல்'. குடிமகனும் மருத்துவரும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றது 1939. அரசும் குடிமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது இந்தக் காலத்தின் தேவை. இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். கரோனாவுக்காக அமைத்த வசதியை டெங்கு, காலரா, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல் ஆகிய நம் அன்றாட நோய்களுக்கும் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். தனியார் ஆய்வகங்களில் உறுதியாகும் மாதிரிகளில் ஒரு சிறு பங்கு அரசு ஆய்வகத்துக்கு வந்துசேர வேண்டும். வரிசைகள் வாரம் ஒருமுறை, வார அளவிலான காலக்குறிப்போடும் மண்டலக் குறிப்போடும் பொதுத்தளத்தில் ஏற வேண்டும். எத்தனை மாதிரிகளில் எத்தனை வரிசைப்படுத்தப்பட்டன என்ற கணக்கும் உடன் வர வேண்டும்; அது இல்லாவிட்டால் தரவைத் தவறாக வாசிப்பதைத் தடுக்க இயலாது.

இந்தத் தரவைப் படிக்க ஆள் உண்டா என்று கேட்கலாம். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் வளாகமும் கணித அறிவியல் நிறுவனமும், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகமும், அதையொட்டி ஐ.ஐ.டி.யும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கின்றன. அங்கு பயிலும் இளைஞர்கள் இன்று அமெரிக்காவின், டென்மார்க்கின் தரவுகளை வைத்துப் பயிற்சி செய்கிறார்கள், அவை திறந்திருப்பதால். தம் ஊர்த் தரவு திறந்திருந்தால் தம் ஊருக்காக உழைக்க அவர்கள் தயங்கமாட்டார்கள்.

1992-இல் நம் நகரில் தோன்றிய கிருமியைப் பற்றி உலகம் அறிய மாதங்கள் ஆயின. முழுக் கதையை அறியப் பல ஆண்டுகள் ஆயின. அன்று நம்மிடம் கருவி இல்லை. அடுத்த முறை அந்தச் சமாதானத்தைச் சொல்ல முடியாது. மழைக்காலம் மீண்டும் வரும். எங்கள் தெருவில் யாருக்கேனும் காய்ச்சலும் வரும். "எங்கிருந்து வந்தது சார்?" என்று அண்டை வீட்டார் கேட்பார்கள். அவர்களுடைய ரத்தத்திலிருந்தும் அவர்கள் கட்டிய வரியிலிருந்தும் பெறப்பட்ட பதில் அது. அதை அவர்களிடமே திருப்பிச் சொல்வதுதான் முறை.